கல்லு

"கல்லு, பிசிக்ஸ் சார் போயிட்டார்டா." வாட்ஸ்அப்பில் இது வந்தபோது ஷார்ஜாவில் ராத்திரி பதினொன்று. நாற்பது வருஷமாகியும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. 1986 பிளஸ் டூ செட்டுக்குக் காரணம் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

வெளிச்சம் எப்படியெல்லாம் வரும் என்று சார் கேட்டார். பல்பு என்றான் ஒருவன். டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி அளவுக்குக் காய வேண்டும், கரண்ட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சூடாகவே வீணாகிறது என்றார். டியூப் லைட்டில் பாதரச ஆவி தரும் புற ஊதாக் கதிர், உள்பூச்சில் பட்டு வெள்ளையாகிறது. மின்மினியிடம் லூசிஃபெரின் என்ற வேதிப்பொருள் ஆக்சிஜனோடு சேர்கிறது, சூடு அநேகமாகக் கிடையாது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"கல்லு சார்."

"சிக்கிமுக்கியா? அது தீப்பொறி. உட்கார்."

"இல்லங்க சார், வெங்கச்சங்கல்லு. ரெண்டை உரசினா கல்லுக்குள்ளயே வெளிச்சம் வரும். தண்ணிக்குள்ள உரசினாலும் வரும்."

வகுப்பே சிரித்தது. மணி அடிக்கும்வரை பெஞ்சு மேல் நின்றேன். கொல்லையில் கேழ்வரகு விதைக்கும் முன் பொறுக்கி வரப்பில் கொட்டுவோமே, அந்த வெள்ளைக் கல்தான், இங்கிலீஷில் குவார்ட்ஸ்.

அடுத்த வாரம் ஹாஸ்டலில் கரண்ட் போன ஓர் இரவு, சார் வந்தார். "எங்கடா உன் கல்லு?" டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உரசினார். மங்கலாக ஓர் ஆரஞ்சு வெளிச்சம் கல்லுக்குள் ஓடி, அவர் மூக்குக்கண்ணாடியில் தெரிந்து மறைந்தது. முகர்ந்து பார்த்தார், கருகின வாடை அடிக்கும். பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அதிலும் உரசினார். "புத்தகத்துல இல்லையேடா" என்று சொல்லிவிட்டு இரண்டு கல்லையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வகுப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அஞ்சலி மலரில் இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனால் அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

இப்போது எல்.இ.டி. பலகை விற்றுப் பிழைக்கிறேன். 2014-இல் நீல எல்.இ.டி.க்கு நோபல் கொடுத்தபோதும் அவர் ஞாபகம்தான் வந்தது. கடைசியாகக் கிருஷ்ணகிரி போனது மாங்காய் சீசனில். சார் வீட்டு அலமாரியில் அந்த இரண்டு கல்லும் இருந்தன.

"இது எப்படிடா வருது? நீயாவது படிச்சியா?"

படித்திருந்தேன். படிகம் நொறுங்கும்போது மின்னூட்டம் பிரிந்து மறுபடி சேர்வதால் வருவது; இருட்டில் கற்கண்டைக் கடித்தாலும் பார்க்கலாம். ஆனால் வாசலில் பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி நின்றது.

"அடுத்த தடவை உட்கார்ந்து சொல்றேன் சார்."

"சரி, மெதுவா வா" என்றார்.