பாறை வழிக்கும் நெடுஞ்சாலைக்கும் பொதுவாக ஒரு ஜோடி டயர்

என் எக்ஸ்பல்ஸ் 200 மோட்டார் சைக்கிளின் பின் டயர் 14,000 கிலோமீட்டரில் நடுப்பகுதி தட்டையாகி, வரிகளுக்கு இடையிலுள்ள தேய்மானக் குறியோடு ரப்பரும் சமமாக வந்துவிட்டது. அதே வகையில் இன்னொன்றை வாங்கி மாட்டியிருந்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். எனக்கோ ஒரே டயரிடம் இரண்டு வேலை வாங்க வேண்டியிருந்தது. வாரத்தில் ஆறு நாள் வேலூரிலிருந்து இராணிப்பேட்டைக்குப் போய்வர நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்; ஞாயிறு விடியலில் கணியம்பாடி, அமிர்தி, ஒடுகத்தூர் பக்கத்து மலையடிவார வண்டிப்பாதைகள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டி ஓட்டக்கூடாது என்பதால் ஊர்ப் பொதுப்பாதைகளோடு நிறுத்திக்கொள்கிறேன். நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவது வழக்கம். டயர் தேடுகிறவனுக்கு அந்தக் கேலியே நில விவரம்: ஆற்றில் மணல், மலையில் வெறும் கருங்கல், இரண்டுக்கும் நடுவே உதிர்ந்து கிடக்கும் சரளை.

இந்த வண்டிக்கு டயர் அளவு முன்னால் 90/90-21, பின்னால் 120/80-18; கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பின் ரிம் 17 அங்குலம் என்பதால், 18 என்று சொன்னதுமே கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அளவை அடுத்து வரும் எண்ணையும் எழுத்தையும் பலர் பார்ப்பதில்லை. 54 என்றால் அந்த டயர் 212 கிலோ வரை சுமக்கும். 62 என்றால் 265 கிலோ. P என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதைக் குறிக்கிறது. இவற்றைவிட முக்கியம் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஒரு கடையில் நல்ல விலைக்குத் தருவதாக எடுத்து வைத்த டயரில் 1121 என்று இருந்தது, அதாவது 2021ஆம் ஆண்டின் பதினோராவது வாரம். நான் போனது 2024இல். மூன்று ஆண்டுகள் அந்த வெக்கையான பரணில் கிடந்த ரப்பரை வாங்க மனம் வரவில்லை.

முதல் தேர்வில் ஆசை அறிவை மிஞ்சிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் பட்டன் டயர் என்று அழைக்கும், கட்டைகள் உயரமாகவும் தள்ளித்தள்ளியும் நிற்கும் வகையையே முன்னும் பின்னும் மாட்டினேன். மண்ணிலும் சரளையிலும் அது உழவு மாடு போல இழுத்தது. ஆனால் நெடுஞ்சாலையில் 70ஐத் தொட்டதும் அடியில் மாவு மில் ஓடுவது போன்ற இரைச்சல் எழுந்தது. வளைவில் சாய்க்கும்போது கட்டைகள் வளைந்து கொடுப்பதால் வண்டி அரை நொடி தயங்கிப் பிறகு சாய்ந்தது. ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கூடியது. இவையெல்லாம் எதிர்பார்த்தவையே.

எதிர்பாராதது பாறையில் நடந்தது. அமிர்திப் பக்கம் ஆளுயரச் சரிவாகக் கிடக்கும் ஒரு கருங்கல் பலகையில், பழைய தேய்ந்த டயரில் ஏறிய அதே இடத்தில், புது பட்டன் டயர் வழுக்கியது. இறங்கி உட்கார்ந்து பார்த்தேன். கல்லின் மேல் கட்டைகளின் நுனி மட்டுமே, ஏழெட்டு இடங்களில் மட்டுமே, தொட்டுக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் வெற்றிடம். குத்திப் பிடிக்க மண் இருந்தால்தான் உயரமான கட்டைக்கு வேலை. கல்லில் பிடிப்பைத் தருவது, படும் ரப்பரின் பரப்பும் அதன் மென்மையும். பாறை மேல் ஏறுவதையே போட்டியாக நடத்தும் ட்ரயல்ஸ் வண்டிகளின் டயரைப் பாருங்கள்: கட்டைகள் தாழ்ந்தவை, நெருக்கமானவை, மென்மையானவை, காற்றும் ஐந்தாறு பிஎஸ்ஐ அளவுக்குத்தான் இருக்கும். சாலைக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு என்று ஐம்பதுக்கு ஐம்பது, எழுபதுக்கு முப்பது எனக் கணக்கிட்டு டயர்களுக்குப் போடும் விகிதங்கள் விற்பனைப் பேச்சே தவிர பொது அளவுகோல் அல்ல என்பதும் அன்றுதான் உறைத்தது.

ட்ரயல்ஸ் வண்டியைப் பார்த்து நானும் காற்றை இறக்கினேன். அதில் ஒரு பாடம். இரண்டு சக்கரத்திலும் 18 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு ஒடுகத்தூர் பக்கம் இறங்கும்போது ஒரு கூரான கல்விளிம்பில் பின் சக்கரம் டக்கென்று மோதியது. நூறு மீட்டருக்குள் காற்று போய்விட்டது. பஞ்சர் கடைப் பெரியவர் டியூபைத் தொட்டியில் முக்கியதும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குமிழ் வரிசை கிளம்பியது. “முள்ளு ஏறினா ஒரு ஓட்டதான் இருக்கும் தம்பி. இது ரெண்டா கீது பாரு. காத்த கம்மியா வெச்சிக்கினு கல்லு மேல வுட்டிருக்கே” என்றார். ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. ட்ரயல்ஸ் வண்டி எடை குறைவு, வேகமும் நடைவேகம்; என் வண்டியோ என்னையும் சேர்த்து 230 கிலோவைத் தாண்டும். மணற்பாலைவனத்தில் ஓட்டுகிறவர்கள் காற்றை நிறைய இறக்கச் சொல்வது மணலுக்குச் சரி. பாலாற்று மணலில் நானே 15 வைத்து, புதையாமல் கடந்திருக்கிறேன். கூர்விளிம்புக் கல் நிறைந்த இடத்தில் அதே அறிவுரை ரிம்மை நெளித்துவிடும்.

அடுத்த மாதம் பின் டயரை மட்டும் மாற்றி, கட்டைகள் தாழ்ந்து, நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் சற்று விலகியும் அமைந்த, பக்கச்சுவர் விறைப்பான ஒன்றைப் போட்டேன். முன்னால் பட்டன் டயரை அப்படியே விட்டேன். சரளையில் பின் சக்கரம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரைத் தளர்த்திச் சமாளிக்கலாம்; முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது. நெடுஞ்சாலையில் இழுவை விசையால் விரைவாகத் தேய்வதும் பின் டயர்தான். ஆகவே பிடிப்பு முன்னுக்கு, உழைப்பு பின்னுக்கு.

காற்று விஷயத்தில் பல ஞாயிறுகள் கூட்டிக் குறைத்துப் பார்த்தபின், பாறை வழிக்கு முன்னால் 22, பின்னால் 24. சாலைக்கு 26, 30 என்று நிலைத்திருக்கிறது. அளப்பது எப்போதும் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலையில். அக்னி நட்சத்திர வெயிலில் இராணிப்பேட்டை போய் நிறுத்தி அளந்தால் அதே டயர் நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். கைப்பம்பும் அழுத்தமானியும் இப்போது பையிலேயே கிடக்கின்றன.

முள்ளுக்கு மட்டும் தீர்வு கிடைக்கவில்லை. பாலாற்றங்கரையின் சீமைக்கருவேல முள் எந்த டயரையும் மதிப்பதில்லை. தடித்த டியூப் போட்டதில் பஞ்சர் குறைந்தது; சக்கரம் கனத்தது.

இப்போது பின் டயர் 5,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. புதிதில் 8 மில்லிமீட்டர் இருந்த நடுக்கட்டையில் 5 மீதம். முன் டயரில் உயரம் அதிகம் குறையவில்லை, ஆனால் பிரேக் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு கட்டையும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, விரலால் தடவினால் ரம்பப் பல் போலத் தட்டுகிறது. திருப்பி மாட்டலாம் என்று பார்த்தால் பக்கச்சுவரில் சுழற்சி அம்புக்குறி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடியும்வரை அப்படியே ஓட்டப் போகிறேன்.