குரங்கு பிடித்த தராசு

"அந்தக் குரங்கு ஈரத்துக்குக் கழிச்சுதா டீச்சர்?"

கோத்தகிரியில் இன்று சாயங்காலம், பூனைகளுக்குக் குரங்கு அப்பம் பங்கு வைத்த கதையில், தராசு இந்தப் பக்கம் சாய்ந்தால் ஒரு கடி, அந்தப் பக்கம் சாய்ந்தால் இன்னொரு கடி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாண்டு கேட்டது இது.

அவள் அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். மழையில் நனைந்த இலை என்றால் எடையில் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள். அதில் நியாயமும் உண்டு, கூடுதலாகக் கை வைப்பதும் உண்டு.

நாமோ இந்தக் கதையை 'சண்டை போடாதீங்க' என்றுதான் முடிக்கிறோம். புத்திமதியெல்லாம் பூனைகளுக்கு, குரங்குக்கு ஒன்றுமே கிடையாது!

பிள்ளைகள் தீர்ப்பு வேறு: ஒரு பூனை பிய்க்கணும், மற்றது முதலில் எடுக்கணும்.

அப்புறம் ஒருத்தன், "அப்பம் சுட்டவங்களுக்கு?" என்றான்.

சரி, மூன்று பங்கு.