மைதானத்துப் பெயர்கள்

மார்ச் 29, 2025, சனி

மார்ச் முடியப்போகிறது, இந்தக் கனெக்டிகட் ஸ்ட்ராட்ஃபோர்டில் குளிர் இன்னும் விடவில்லை. மைதானம் சொதசொதவென்று கிடப்பதால் மகளுக்கு உள்ளரங்கில்தான் சாஃப்ட்பால் பயிற்சி. இந்த வருஷம் 12 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுக்கு ஏறியிருக்கிறாள். போன வருஷம் 35 அடியில் நின்று 11 அங்குலச் சுற்றளவுப் பந்தை வீசினாள். இனி 40 அடி, 12 அங்குலப் பந்து. அவள் கைக்குள் அது இன்னும் அடங்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் பெற்றோரை உட்காரவைத்துப் பேசினார்கள். சீசன் தொடங்கும் நாளில், ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை இங்கே ஃபாஸ்ட் பிட்ச் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரிதான், பந்தைக் கீழ்க்கையாக வேகமாக வீசுவார்கள்) ஆடிய பெண்களை அழைத்து மரியாதை செய்யப்போகிறார்களாம். பெயர்ப்பட்டியல் தயாரிக்க ஆள் வேண்டும் என்றார்கள். யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். இத்தனை வருஷம் இங்கே குடியிருந்தும் இதில் பாதி எனக்குத் தெரியாது.

ரேபெஸ்டாஸ் என்று ஒரு பிரேக் லைனிங் தொழிற்சாலை இங்கே இருந்தது. அதன் ஆதரவில் 1947இல் பெண்கள் அணி ஒன்று தொடங்கினார்கள். பிரேக் செய்யும் ஊரின் அணி என்பதால் பிரேக்கெட்ஸ் என்று பெயர். 1971 முதல் 1978 வரை எட்டு வருஷம் தொடர்ந்து தேசிய சாம்பியன். 1974இல் பெண்கள் உலகக் கோப்பையே இந்த ஊரில்தான் நடந்தது. அமெரிக்காவுக்காக இறங்கிய பிரேக்கெட்ஸ்தான் ஜெயித்தது. யாருக்கும் சம்பளம் கிடையாது. பகலில் வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டு, சாயங்காலம் மைதானத்துக்கு வருவார்கள்.

ஜோன் ஜாய்ஸ் பக்கத்து வாட்டர்பரியில் பிறந்தவர், பிட்சர், அதாவது பந்து வீசுபவர். இள வயதிலேயே பிரேக்கெட்ஸில் சேர்ந்தார். 753 வெற்றி, 42 தோல்வி என்கிறது அவர் கணக்கு. 1961இல் வாட்டர்பரியில் நடந்த காட்சி ஆட்டத்தில் டெட் வில்லியம்ஸ் அவர் பந்தை எதிர்கொண்டார். 1941 பேஸ்பால் சீசனில், பத்துக்கு நாலு தடவைக்கு மேல் வெற்றிகரமாக அடித்த சராசரி வைத்திருந்தவர் வில்லியம்ஸ். அன்றைக்கு ஜோன் வீசிய பந்துகளை அவரால் சரியாக அடிக்க முடியவில்லை. மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "அம்மா, இன்னொரு தடவை வாசி" என்றாள்.

ஜோன் 2022இல் காலமானார். அவர் பெயர் எங்கும் போய்விடாது. மற்றவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்று அட்டைப்பெட்டி நிறையப் படங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஊர் லீக் அணிகள், தொழிற்சாலை அணிகள். படத்தின் பின்னால் பென்சிலில் பெயர். சிலதில் செல்லப்பெயர் மட்டும்.

சிக்கல் இங்கேதான். கல்யாணம் ஆனதும் இந்தப் பெண்களின் குடும்பப் பெயர் மாறிவிட்டது. படத்தில் இருப்பது அப்பா வழிப் பெயர். ஊருக்குத் தெரிந்தது கணவர் பெயர். இரண்டையும் சேர்க்க ஆள் இல்லாவிட்டால், பக்கத்துத் தெருவில் இருப்பவர் தொலைந்தவர் கணக்கில் போய்விடுகிறார். பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இதே கதைதான். பிரேக்கெட்ஸின் இன்னொரு மகத்தான பிட்சர் பெர்தா, பெடினாக் என்ற குடும்பத்தில் பிறந்து, ரேகனாகி, பிறகு டிக்கி ஆனவர். 757 வெற்றிகள் சேர்த்தவர் என்பதால் அவரைத் தேடிக் கண்டுபிடித்து ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டார்கள். ஊர் லீக்கில் இரண்டாம் பேஸில் நின்றவரை யார் தேடுவார்கள்?

எனக்கு இது புதிதில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் என் இன்ஷியலை விரித்து, அப்பா பெயரையே என் பெயராக எழுதிவிட்டார்கள். நாலு வருஷம் என்னை எல்லாரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அதனாலோ என்னவோ, இந்தப் பட்டியலில் ஒரு பெயரும் தப்பாகப் போகக் கூடாது என்று மனசு அடித்துக்கொள்கிறது. இரண்டு பெயரையும் போடப்போகிறேன். பிறந்த வீட்டுப் பெயர் முதலில்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி செய்து படைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம், பட்டியலில் விட்டுப்போன ஓர் அம்மாவைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டியவர். ஊர் அணியில் கேட்சராக, அதாவது பேட் பிடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவராக, இருந்தவர். பிரேக்கெட்ஸில் ஆடியதில்லை, எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை.

"என்னையா? நான் பந்தைப் பிடித்தேன், அவ்வளவுதானே" என்றார்.

வலது கையை மேஜைமேல் வைத்தார். மோதிர விரல் நடுக்கணுவில் வெளிப்பக்கமாக வளைந்து நிற்கிறது. சுண்டுவிரலின் நுனி முழுதாக மடங்காது. பேட்டில் உரசித் திரும்பிய பந்துகள் செய்த வேலை. "மழை வரப்போவது இதற்குத்தான் முதலில் தெரியும்" என்று அந்த விரலைத் தடவிக்கொண்டார். ஒவ்வொரு பந்துக்கும் உட்கார்ந்து எழுந்த முழங்காலைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர் நடந்த விதத்திலேயே தெரிந்தது.

1974 உலகக் கோப்பையைக் கைக்குழந்தையோடு போய்ப் பார்த்தாராம். அந்த ரேபெஸ்டாஸ் நினைவு மைதானத்தில் இப்போது யாரும் ஆடுவதில்லை. ஆஸ்பெஸ்டாஸும் ஈயமும் கலந்த ஆலைக்கழிவைக் கொண்டுபோய் அங்கே நிரப்பியிருந்தார்கள். ஆலை வளாகமும் கழிவு கொட்டிய இடங்களும் 1995இல் மத்திய அரசின் நச்சு நிலப் பட்டியலில் சேர்ந்தன. அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, "அவ்வளவு அழகாக இருக்கும்" என்று மட்டும் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

பட்டியலை அச்சுக்குக் கொடுத்தாயிற்று. 41 பெயர். ஆறு படங்களில் இருப்பவர்கள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அவர்கள் படத்தையும் மேஜையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். யாராவது அடையாளம் காட்டலாம்.

மகள் கேட்டாள்: "அவங்க எல்லாம் ஏன் பேஸ்பால் ஆடல?" பக்கத்து ஸ்டாம்ஃபோர்டில் வளர்ந்த டோனா லோபியானோ கதையைச் சொன்னேன். சிறுமியாக, சிறுவர்கள் ஆடும் லிட்டில் லீக் பேஸ்பாலுக்குத் தேர்வானார். பெண்ணுக்கு இடமில்லை என்று விதிப்புத்தகத்தைக் காட்டி வெளியே அனுப்பினார்கள். பிறகு பிரேக்கெட்ஸில் பிட்சர் ஆனார். லிட்டில் லீக் பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1974இல்தான். ரொம்ப நேரம் பேசாமல் கிளவ்வுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 26, சனி

காலையில் தூறல், நல்லவேளை நின்றுவிட்டது. வந்தவர்கள் 17 பேர். வாக்கரோடு இருவர், சக்கர நாற்காலியில் ஒருவர். சிறுமிகள் ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ்வரை இரண்டு வரிசையாக நிற்க, ஒவ்வொருவராக நடுவில் நடந்து வந்தார்கள். ஒலிபெருக்கியில் பிறந்த வீட்டுப் பெயரைச் சொன்னதும் ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். அறுபது வருஷத்தில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லையாம், மகன் பிறகு சொன்னார். ஆறு படங்களில் நாலுக்குப் பெயர் கிடைத்தது. பேனாவை எடுத்து நானே எழுதினேன்.

கேக், கேடயம் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. அதற்கப்புறம்தான் உண்மையான விழா. கேட்சர் அம்மா, மகள் பந்து வீசிப் பழகும் மூலைக்கு வந்தார். பந்து வைக்கும் வாளியை மூடி, மூடிமேல் என் சால்வையை மடித்துப் போட்டு, கம்பி வலைக்குப் பின்னால் உட்காரவைத்தோம். அந்தக் காலத்தில் கையைப் பின்னால் உயர்த்தி உண்டிவில் மாதிரி சுண்டி வீசுபவர்களும் நிறைய உண்டு, ஜோனும் அப்படித்தான் என்றார். மகள் வீசுவது காற்றாடி வீச்சு, கை ஒரு முழு வட்டம் போட்டு இடுப்புப் பக்கத்தில் பந்தை விடும்.

மகள் வீச வீச, அவர் கண்ணை மூடிக்கொண்டார். கேட்சர் கிளவ்வில் பந்து விழும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "இது விரல் நுனியிலிருந்து வரவில்லை, உள்ளங்கையிலிருந்து வருகிறது." கண்ணைத் திறக்கவே இல்லை. மகள் பந்தைத் திருப்பித் தையலில் விரலை மாற்றி வைத்துக்கொண்டாள். பட் என்று ஒரு சத்தம்.

வளைந்த விரலை உயர்த்தி, "அதுதான். இன்னொன்று போடச் சொல்லுங்கள்" என்றார்.