நொடிக்கு நொடி வந்த கெர்னல் எச்சரிக்கை: ஏஇஆர் செய்தியை நிறுத்தாமல் பிழையை நிறுத்தியது

மெஷின்: இன்டெல் ஆறாம் தலைமுறை லேப்டாப், எம்.2 வைஃபை கார்டு, உபுண்டு. கட்டளைகள் கீழே ஒலிப்படி தமிழில் உள்ளன. டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளவும்.

அறிகுறி வெளியே தெரிந்தது வேறு இடத்தில்: ரூட் பார்ட்டிஷனில் இடம் இல்லை என்ற அறிவிப்பு. 'டியூ -எஸ்ஹெச்' போட்டுப் பார்த்தால் வார்/லாக் அடைவில் சிஸ்லாக், கெர்ன்.லாக் இரண்டும் பல ஜிபி. இரண்டிலும் ஒரே நாலு வரி திரும்பத் திரும்ப.

முதலில் இடத்தை மீட்க வேண்டும். இங்கே 'ஆர்எம்' கூடாது. லாக் எழுதும் சர்வீஸான ஆர்சிஸ்லாக் அந்தக் கோப்பைத் திறந்தபடியே வைத்திருக்கும். பெயர் அழிந்தாலும் அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும்வரை இடம் திரும்பாது. 'ட்ரங்கேட் -எஸ் 0' என்று கோப்பை வெறுமையாக்குவதே சரி. சிஸ்டம்டி தனியாக வைத்திருக்கும் லாக்கான ஜர்னலுக்கு 'ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்'.

அடுத்து, செய்தியை நிதானமாகப் படிப்பது. 'சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ' ஓடவிட்டால் நேரலையில் வரும். நாலு வரியின் சாரம் இது:

பிசிஐஇபோர்ட் 0000:00:1சி.5: ஏஇஆர்: கரெக்டட் எரர்
சிவியாரிட்டி=கரெக்டட், டைப்=ஃபிசிக்கல் லேயர், ரிசீவர் ஐடி
டிவைஸ் 8086:9டி15, ஸ்டேட்டஸ்/மாஸ்க்=00000001/00002000
0: ஆர்எக்ஸ்எரர்

இதில் எல்லாமே இருக்கிறது. ஏஇஆர் என்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் பிழை அறிவிப்பு ஏற்பாடு. 'கரெக்டட்' என்றால் ஹார்டுவேரே சரிசெய்துவிட்டது, தரவு எதுவும் போகவில்லை. ஸ்டேட்டஸ் 1 என்பது பூஜ்ஜியமாவது பிட், அதாவது ரிசீவர் எரர்: வந்த சிக்னலைப் படிப்பதிலேயே தடுமாற்றம். அந்த இடத்தில் 40 இருந்தால் பேட் டிஎல்பி (தரவுப் பொதி கெட்டு வந்தது), 80 என்றால் பேட் டிஎல்எல்பி (இணைப்பின் கட்டுப்பாட்டுப் பொதி கெட்டு வந்தது), 1000 என்றால் ரீப்ளே டைமர் டைம்அவுட் (அனுப்பியதற்கு ஒப்புகை நேரத்துக்குள் வரவில்லை). மாஸ்க்கில் உள்ள 2000 பயமுறுத்த வேண்டியதில்லை. அது 13ஆவது பிட். வழக்கமாகவே மறைத்து வைக்கப்படுவது.

8086 இன்டெல்லின் எண், 9டி15 சிப்செட்டிலுள்ள ஆறாவது ரூட் போர்ட், அதாவது கார்டுகள் வந்து இணையும் வாசல். முதல் வரியின் 00:1சி.5 அதன் முகவரி. இதைப் பார்த்துவிட்டு மதர்போர்டு போச்சு என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம். ரூட் போர்ட் புகார் கொடுப்பவர் மட்டுமே. அந்தக் கம்பியின் மறுமுனையில் இருப்பது யார் என்று பார்க்க வேண்டும். 'எல்எஸ்பிசிஐ -டிவி' மரம்போல் வரைந்து காட்டும்: 1சி.5க்குக் கீழே 02:00.0, வைஃபை கார்டு.

எத்தனை பிழை வந்தால் கவலைப்பட வேண்டும்? பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி ஒரு லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிட் வரை தவறலாம். வைஃபை கார்டு பெரும்பாலும் ஒரே லேனில் (தரவுப் பாதையில்) 2.5 ஜிகாடிரான்ஸ்ஃபர் வேகத்தில் ஓடுவது. கணக்குப் போட்டால் 400 நொடிக்கு ஒன்று. நாளைக்குப் பத்து இருபது செய்தி வந்தால் விட்டுவிடலாம். நொடிக்குப் பல என்றால் விடக்கூடாது.

செய்தியை எண்ணுவது நம்பத்தக்க அளவுகோல் இல்லை. லாக் பலவிதத்தில் மட்டுப்படும். கெர்னல் தானே ஒரு எண்ணி வைத்திருக்கிறது. சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/0000:00:1சி.5 அடைவில் 'ஏஇஆர்_டெவ்_கரெக்டபிள்' என்ற கோப்பு. 'கேட்' செய்தால் ஆர்எக்ஸ்எரர், பேட்டிஎல்பி என வகைவாரியாக எண்ணிக்கை. கெர்னல் 4.19 முதல் உண்டு. இதன் பிறகு ஒவ்வொரு சோதனையும் ஒரே முறை: எண்ணைக் குறி, பத்து நிமிடம் சும்மா விடு, மறுபடி குறி, பிறகு பத்து நிமிடம் பெரிய கோப்பு ஒன்றை வைஃபையில் இறக்கிக்கொண்டே குறி.

அந்த இரண்டாவது பாதிதான் திருப்பம். சும்மா இருக்கும்போது எண் தாவித்தாவி ஏறியது. டவுன்லோடு ஓடும்போது ஏறக்குறைய நின்றது. கார்டு சரியாகப் பொருந்தாமலோ தூசி படிந்தோ இருந்தால் நேர்மாறாக நடந்திருக்கும்: வேலை கூடக்கூடப் பிழையும் கூடும், பேட் டிஎல்பியும் சேர்ந்து வரும். வேலையில்லாதபோது மட்டும் பிழை என்றால் சந்தேகம் ஏஎஸ்பிஎம் மேல். இணைப்பு சும்மா இருந்தால் அதை எல்0எஸ், எல்1 என்ற உறக்க நிலைக்கு அனுப்பி பேட்டரியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு அது. உறங்கி எழும் ஒவ்வொரு முறையும் சிக்னலை மறுபடி பிடிக்க வேண்டும். இங்கே பிடிக்கும்போது வழுக்குகிறது. டவுன்லோடின்போது உறக்கமே இல்லை, வழுக்கலும் இல்லை.

இனி மருந்துகள். இந்தச் சிக்கலுக்கு எல்லோரும் எழுதிக்கொடுப்பது மூன்று பூட் பாராமீட்டர்கள். மூன்றையும் தனித்தனியே, க்ரப் (பூட் லோடர்) மெனுவில் 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் சேர்த்து, ஒரு பூட்டுக்கு மட்டும் சோதித்தது. பிசகினால் அடுத்த ரீஸ்டார்ட்டில் பழையபடி ஆகிவிடும். உள்ளே வந்ததும் 'கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்' பார்த்து உறுதிசெய்யாமல் எதையும் நம்ப வேண்டாம்.

'பிசிஐ=நோஏஇஆர்': லாக் உடனே அமைதி. ஆனால் பிழை போகவில்லை. குரைக்கிற நாயின் வாயைக் கட்டியாயிற்று, அவ்வளவுதான். நிரூபிப்பது எளிது. ஹார்டுவேரின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பிழையைப் பதிந்துகொண்டே இருக்கும். 'சூடோ செட்பிசிஐ -எஸ் 00:1சி.5 இகேப்_ஏஇஆர்+10.எல்=1' என்று அந்த பிட்டைத் துடைத்து, சற்றுப் பொறுத்து '=1' இல்லாமல் அதே கட்டளையைப் போட்டால் 00000001 மறுபடி நிற்கிறது. இந்த பாராமீட்டரின் இன்னொரு தீங்கு: நாளைக்கு எஸ்எஸ்டியில் திருத்த முடியாத பிழை வந்தாலும் ஏஇஆர் வழியாக ஒரு வார்த்தை வராது.

'பிசிஐ=நோஎம்எஸ்ஐ': இதிலும் அமைதி. ஆனால் எல்லாச் சாதனமும் பழைய பாணி இன்டரப்ட்டுக்கு (சாதனம் சிபியுவை அழைக்கும் முறை) திரும்பும். என்விஎம்இ எஸ்எஸ்டி தன் பல வரிசைகளை இழந்து மந்தமாகும். ஒரு கார்டின் சத்தத்துக்கு ஊர் முழுக்கத் தண்டனை. வேண்டாம்.

'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்': பெயரைப் பார்த்தால் இதுதான் மருந்து. போட்டும் பிழை தொடர்ந்தது. குழப்பத்துக்குத் துணையாக 'பிசிஐஇ ஏஎஸ்பிஎம் டிசேபிள்ட்' என்று கெர்னலே லாக்கில் எழுதுகிறது. கெர்னல் ஆவணத்தைப் படித்தால் புரியும்: இதன் பொருள் ஏஎஸ்பிஎம்மை நிறுத்து என்பதல்ல, அதைக் கெர்னல் தொடாதே என்பது. பயாஸ் ஏற்கெனவே எல்1ஐ இயக்கிவிட்டிருந்தால் அது அப்படியே ஓடும். 'சூடோ எல்எஸ்பிசிஐ -விவி -எஸ் 02:00.0' வெளியீட்டில் 'எல்என்கேசிடிஎல்' வரி 'எல்1 எனேபிள்ட்' என்றே காட்டியது. சிலருக்கு இந்த பாராமீட்டர் வேலை செய்வது, அவர்களுடைய பயாஸ் உறக்கத்தை இயக்காமல் கெர்னலிடம் விட்டிருப்பதால்.

உண்மையில் நிறுத்துவது கொள்கையை மாற்றுவது. சிஸ்/மாட்யூல்/பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்/பாராமீட்டர்ஸ்/பாலிசி கோப்பில் நாலு பெயர் இருக்கும். நடப்பில் உள்ளதைச் சதுர அடைப்புக்குறி காட்டும். 'எக்கோ பெர்ஃபார்மன்ஸ் | சூடோ டீ' என்று அதில் எழுதினால் அந்த நொடியே, ரீபூட் இல்லாமல், எல்லா இணைப்பும் விழித்தே இருக்கும். பத்து நிமிடச் சோதனையில் எண்ணி நின்ற இடத்திலேயே நின்றது. நோய் இதுதான் என்று முடிவானது.

ஆனால் இதை நிரந்தரமாக்கவில்லை, இரண்டு காரணம். எஸ்எஸ்டியும் சேர்ந்து விழித்திருக்கும், பேட்டரி வீண். டிஎல்பி என்ற பேட்டரி சேமிப்பு மென்பொருளை (மேலே வந்த 'பேட் டிஎல்பி' வேறு) நிறுவியிருந்தால், சார்ஜரைப் பிடுங்கும்போது தன் அமைப்பில் சொன்ன கொள்கையை அது மேலே எழுதிவிடும். சார்ஜரில் அமைதி, பேட்டரியில் மட்டும் எச்சரிக்கை என்ற விசித்திரத்தின் ஊற்று பல நேரம் இதுவே.

கெர்னல் 5.5 முதல் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித் தாழ்ப்பாள் உண்டு: சாதன அடைவுக்குள் 'லிங்க்' என்ற அடைவு, அதில் 'எல்1_ஏஎஸ்பிஎம்' போன்ற கோப்புகள். ஒரு பொறி: புகார் வரும் ரூட் போர்ட்டின் அடைவில் தேடினால் கிடைக்காது. கீழே தொங்கும் கார்டின் முகவரியில், அதாவது 0000:02:00.0க்குள் பார்க்க வேண்டும். இன்னொன்று: மேலே சொன்ன 'ஆஃப்' பாராமீட்டர் க்ரப்பில் மிச்சமிருந்தால் இந்தக் கோப்புகளே தோன்றாது. அதை நீக்கிவிட்டு வரவும்.

'எல்1_ஏஎஸ்பிஎம்'இல் 0 எழுதியதும் வைஃபை இணைப்பு மட்டும் விழித்தது, எண்ணி அசையவில்லை, எஸ்எஸ்டி வழக்கம்போல் உறங்கியது. ரீபூட்டுக்குப் பின்னும் நிலைக்க, /இடிசி/டெம்ப்ஃபைல்ஸ்.டி அடைவில் '.கான்ஃப்' கோப்பு ஒன்று, அதில் ஒரே வரி: 'டபிள்யூ' எழுத்து, இடைவெளி, அந்தக் கோப்பின் முழுப் பாதை, இடைவெளிவிட்டு நாலு கோடு, கடைசியில் 0. 'சிஸ்டம்டி-டெம்ப்ஃபைல்ஸ் --கிரியேட்' போட்டு உடனே சோதிக்கலாம். புதிதாக ஒரு என்விஎம்இ சொருகினால் 02 என்ற எண் 03 ஆகலாம். அப்போது இந்த வரியையும் திருத்த வேண்டும்.

வேலை நேரத்தில் பிழை கூடும் மெஷினுக்கு இதெல்லாம் உதவாது, அங்கே ஸ்க்ரூடிரைவர்தான். மெஷினை அணைத்து, பேட்டரி கனெக்டரைக் கழற்றி, கார்டை எடுத்து, தங்க முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் திரும்பப் பொருத்தவும். பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் வேண்டாம். அதன் துகள் சாக்கெட்டுக்குள் போய் உட்காரும். ஆன்டெனா ஒயரின் குட்டி கனெக்டர்களை ஒயரைப் பிடித்து இழுக்காமல் நேர்மேலாக நெம்பி எடுக்க வேண்டும், பொருத்தும்போது 'டிக்' கேட்க வேண்டும்.

சுத்தம் செய்தும், எல்1ஐ நிறுத்தியும், பயாஸைப் புதுப்பித்தும் கரெக்டட் செய்தி மட்டும் பிடிவாதமாக வந்தால், 'நோஏஇஆர்' போடுவதைவிட அந்த ஒரு பிட்டை அந்த ஒரு போர்ட்டில் மட்டும் மறைப்பது மேல்: 'சூடோ செட்பிசிஐ -எஸ் 00:1சி.5 இகேப்_ஏஇஆர்+14.எல்=1:1'. மற்ற பிழைகளுக்கான வாய் திறந்தே இருக்கும். ரீபூட்டில் இது அழிந்துவிடும். தேவையென்றால் பூட்டில் ஓடும் சின்ன சிஸ்டம்டி சர்வீஸாக எழுதிக்கொள்ளலாம்.

மிச்சமிருந்தது ஜர்னலுக்குக் கடிவாளம்: ஜர்னல்டி.கான்ஃபில் 'சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=300எம்', பிறகு சிஸ்டம்டி-ஜர்னல்டியை ஒரு ரீஸ்டார்ட்.