முதலில் வந்த எண்

2011 ஜனவரி கடைசியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது, நான் ஒரு பட்டறையின் லேபில் கழிவுநீர் பார்த்துக்கொண்டிருந்தேன். டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்), பி.எச். (அமில, காரத்தன்மை), சி.ஓ.டி. (கரிமக் கழிவின் அளவு), அவ்வளவுதான் என் உலகம். சி.ஓ.டி. என்றால் நீரோடு டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, மிச்சமிருக்கும் டைக்ரோமேட்டை டைட்ரேஷனில் பிடிப்பது. நீலப்பச்சை சட்டென்று செங்கல் நிறத்துக்குத் திரும்பும் அந்த ஒரு சொட்டுக்காகக் கண்வலிக்கக் காத்திருப்போம். பட்டறை பூட்டியாகிவிட்டது, ஒரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து ஓட்டினேன், அப்புறம் 2012ல் ஏஜென்ட் ஒருவர் மூலம் சிங்கப்பூர், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில்.

வேலை சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸில், ரத்தப் பரிசோதனை இயந்திரங்களுக்கு ரியேஜென்ட், அதாவது சோதனைக்கான வேதிக் கரைசல், தயாரிக்கும் ஒரு கம்பெனியில். நான் படித்தது தொழில் வேதியியல். ரத்தத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது சிவப்பு என்பதுதான். ஆனால் போய்ப் பார்த்தால் பாதி பழைய பாடம். குளுகோஸ் ரியேஜென்டில் ஹெக்ஸோகைனேஸ் என்று ஒரு என்சைம், அதற்குத் துணையாக இன்னொன்று. இரண்டும் வேலை செய்து முடித்தால் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவோ அதற்கேற்ற அளவு என்.ஏ.டி.எச். என்ற பொருள் உண்டாகும். அது 340 நானோமீட்டர் ஒளியை விழுங்கும். விழுங்கியதை அளந்தால் சர்க்கரை தெரிந்துவிடும். பொருள் கூடக்கூட விழுங்கும் ஒளியும் கூடும் என்கிற, சாயத்தண்ணீரின் நிறத்தை அளந்த அதே பியர்-லாம்பர்ட் விதிதான், கண்ணுக்குத் தெரியாத நிறம் என்பது மட்டும் வித்தியாசம்.

ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரு அறை எடுத்தேன். 'சமையல் லேசா பண்ணிக்கலாம்' என்றார்கள். லேசு என்றால் தாளிக்கக்கூடாது என்று அர்த்தம், இது புரிய இரண்டு வாரமானது. காலையில் பூன் லேயிலிருந்து ரயிலில் ஜூ கூன், அங்கிருந்து கம்பெனி பஸ். நான் துவாஸை விட்டுப் போன பிறகு 2017ல் துவாஸ் லிங்க் வரைக்கும் ரயில் விட்டார்கள், என் நேரம் அப்படி. ரியேஜென்ட் வைக்கும் குளிர் அறை 2 முதல் 8 டிகிரி. வெளியே வியர்த்துக் கொட்டும், உள்ளே பல் தந்தியடிக்கும். உள்ளே போட ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு, லிட்டில் இந்தியா பக்கம், போய் ஒரு தடித்த பனியன் வாங்கினேன். அறைக்கு வந்து லேபிளைப் பார்த்தால் திருப்பூர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சேர்ந்து நாலாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒவ்வொரு லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) ரியேஜென்டையும், அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சீரம் வைத்துச் சோதிப்போம். அந்தச் சீரம் உலர்ந்த பொடியாகக் குப்பியில் வரும், சரியாக 5 மில்லி சுத்த நீர் விட்டு, குலுக்காமல் மெதுவாகச் சுழற்றி, அரைமணி நேரம் வைத்து, பிறகு இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். குளுகோஸுக்கு எங்கள் சராசரி 6.00, ஒரு எஸ்.டி., அதாவது எண் வழக்கமாக முன்னே பின்னே அசையும் அளவு, 0.08. மூன்று எஸ்.டி.க்கு மேல் போனால், அதாவது 6.24ஐத் தாண்டினால், நிறுத்த வேண்டும். அன்றைக்கு வந்தது 6.26.

நான் என்ன செய்தேன்? கல்லூரியிலும் பட்டறையிலும் கற்றுக்கொடுத்ததைச் செய்தேன். டைட்ரேஷன் மூன்று தடவை செய், ஒத்துப்போகும் இரண்டை எடு, ஒத்துவராததை விடு. புதுக் குப்பி ஒன்றை எடுத்து, பக்கத்து மேசை பிப்பெட்டால் (நீரை அளந்து விடும் கருவி) நீர் விட்டு, மறுபடி ஓட்டினேன். 6.02. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலில் வந்த தாளைக் கசக்கிக் கூடையில் போட்டேன், திருட்டுத்தனம் என்ற நினைப்பே இல்லை.

தாளைத்தான் கசக்க முடியும். இயந்திரம் ஒவ்வொரு ஓட்டத்தையும் நேரத்தோடு எழுதி வைத்திருக்கும், யாரும் அழிக்க முடியாது. மறுநாள் அதைப் பார்த்தவர் எங்கள் செக்‌ஷனின் மூத்த டெக்னீஷியன், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. கோப்பி ஓ கோசொங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி, தவிர எதுவும் குடிக்காத மனுஷன். 'என்னம்மா, ஆறு புள்ளி ரெண்டு ஆறு எங்க?' என்றார்.

'அது தப்பா வந்துச்சு அண்ணே.'

'தப்புன்னு உனக்கு யார் சொன்னா?'

பதில் இல்லை. எனக்கு நிஜமாகவே தெரியாது. பிடிக்காத எண்ணைத் தப்பு என்று சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். காரணம் தேடாமல் நல்ல எண் வரும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பது கூடாது என்று 1993லேயே ஒரு மருந்துக் கம்பெனி வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்பதைப் பிற்பாடு பயிற்சி வகுப்பில் கேட்டேன். அன்றைக்கு என் மனதில் ஓடியது எஸ் பாஸ் போய்விடும், ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் பாக்கி இருக்கிறது, இதுதான்.

அண்ணன் திட்டவில்லை. கூடையில் குப்பியைத் தேடினோம், கிடைக்கவில்லை. ஆனால் அதே ஓட்டத்தில் மற்றச் சோதனைகளின் எண்களும் இருந்தன. கொலஸ்ட்ரால், யூரியா, கிரியேட்டினின், எல்லாமே நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. மற்றவற்றின் எல்லை அகலம் என்பதால் அவை மாட்டவில்லை, குளுகோஸ் மட்டும் மாட்டியது. குளுகோஸ் மட்டும் ஏறியிருந்தால் ரியேஜென்டைச் சந்தேகப்படலாம். எல்லாம் ஒரே விகிதத்தில் ஏறினால்? நீர் குறைந்திருக்கிறது. என் பிப்பெட்டை எடுத்துத் தராசில் சோதித்தோம். 5 மில்லி நீர் 25 டிகிரியில் 4.985 கிராம் இருக்க வேண்டும். 4.78 காட்டியது. உள்ளே ரப்பர் சீல் தேய்ந்து காற்று ஒழுகியிருக்கிறது. அந்த வாரம் அதே பிப்பெட்டை இன்னும் இரண்டு பேர் உபயோகித்திருந்தார்கள், அவர்கள் வேலையையும் திரும்பச் செய்ய வேண்டி வந்தது. அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள்.

அதற்கு ஒரு படிவம், 'டீவியேஷன்' (முறையிலிருந்து விலகல்) என்று. என் தப்பை நானே என் கையால், நேரம் போட்டு, கசக்கிய தாள் உட்பட எழுத வேண்டும். பட்டறையில் இப்படி ஒரு தாளை முதலாளியிடம் நீட்டியிருந்தால் அன்றோடு கணக்கு முடிந்திருக்கும். இங்கே ஆறு பேர் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது, மறுப்பதற்கில்லை. வேலை போகவில்லை. இந்த ஊரில் எல்லாம் யோக்கியம் என்று சொல்லவரவில்லை, பத்து வருஷத்தில் இங்கேயும் தாள் கசக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எண்ணைக் கேள்வி கேட்காமல் என்னைக் கேள்வி கேட்ட முதல் லேப் அதுதான்.

2016ல் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாறினேன். ரியேஜென்ட் செய்த பக்கத்திலிருந்து அதை உபயோகிக்கிற பக்கம். மருத்துவப் பரிசோதனைக் கூடங்களுக்கான தர விதி ஐ.எஸ்.ஓ. 15189, வருஷத்துக்கு வருஷம் ஆடிட், லாட் மாறும்போதெல்லாம் ஒப்பீடு. வேலையைவிடப் பழக நாளானது அலகுதான். நம்மூரில் சர்க்கரை மில்லிகிராமில், இங்கே மில்லிமோலில். 126 என்றால் இங்கே 7.0, பதினெட்டால் வகுக்க வேண்டும். கிரியேட்டினின் 1.2 என்பது இங்கே 106. அம்மா போனில் 'சுகரு நூத்தி எம்பது கண்ணு' என்றால் என் மண்டையில் 'பத்து' என்றுதான் விழும்.

ஒருமுறை தம்பி பதறிப்போய்க் கூப்பிட்டான், அம்மாவுக்குப் பொட்டாசியம் 6.4 என்று. நிஜமாக இருந்தால் இதயத்துக்கு ஆபத்தான எண். ரத்தம் எப்போது எடுத்தார்கள் என்று கேட்டேன். காலை ஆறரைக்கு வீட்டில் எடுத்து, இன்னும் நாலு வீடு சுற்றி, பைக் பையில் வெயிலோடு பத்தரைக்கு லேபுக்குப் போயிருக்கிறது. செல்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வரத்தான் செய்யும். அதற்காகக் காரணம் கண்டுபிடித்துவிட்டோம் என்று சும்மா இருக்கவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அங்கேயே எடுக்கச் சொன்னேன். 4.3. இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டச் சொன்னேன், தம்பி முதலாவதைக் கிழித்துவிட்டிருந்தான். எங்கள் குடும்ப வழக்கம்.

அதன் பிறகு அம்மாவுக்குக் குளுகோமீட்டர் ஒன்று வாங்கி அனுப்பினேன், ஒரு நோட்டும் போடச் சொன்னேன். போன மே மாதம் பேசும்போது அம்மாவே சொன்னார்: 'நூத்தி நாப்பது. உன்ற ஊர் கணக்குல ஏழு புள்ளி எட்டு, செரியா?'

சரிதான் என்றேன். 'ஒரே தடவைதானே எடுத்தீங்க?'

கொஞ்ச நேரம் சத்தமில்லை. 'மொதல்ல இருநூத்தி முப்பது காட்டுச்சு கண்ணு. அது தப்பு. மறுக்கா எடுத்தேன்.'

'தப்புன்னு யாரும்மா சொன்னா?'

'நீ வேற. மாம்பழம் அரிஞ்சுட்டு கை கழுவாம குத்திப்போட்டேன். அப்பறம் கழுவிட்டுக் குத்துனேன்.'

நோட்டில் இரண்டையும் எழுதச் சொன்னேன். பக்கத்தில் மாம்பழம் என்றும் எழுதச் சொன்னேன்.