ட்ரெய்லர் இழுக்க வண்டி தேடி நான் பட்ட பாடு

பழைய கார் ஒன்னை ட்ரெய்லர்ல ஏத்தி அப்பப்போ வெளியூர் கொண்டு போகணும், அதுக்குத் தோதா ஒரு யூஸ்டு வண்டி வேணும், என்னோட தேவை இவ்வளவுதான். ஆனா வண்டி விக்கிறவங்க எல்லாரும் பேசி வெச்ச மாதிரி ஒரே நம்பரைத்தான் சொல்றாங்க, "2700 கிலோ இழுக்கும் சார், கண்ண மூடிட்டு வாங்குங்க". அந்த நம்பர் பொய்யின்னு சொல்ல மாட்டேன். ஆனா நம்மளை மாட்டி விடுறது அது இல்ல, டிரைவர் கதவைத் திறந்தா பில்லர்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கே பேலோட், அதாவது வண்டி தன் மேல சுமக்கக்கூடிய எடை, அதுதான். அதைப் பத்தி ஒரு ஆளும் வாயைத் திறக்கல, கேட்டா "அது சும்மா சார்"னு சொன்னவர் கூட உண்டு.

முதல்ல லோடு எவ்வளவுன்னு தெரியணும். காரோட எடை 1250 கிலோ, அதுல குழப்பம் இல்ல. ட்ரெய்லர் வாடகைக்குத்தான் எடுக்கிறது, ஓனர்கிட்ட எம்டி வெயிட் கேட்டேன், 650னு யோசிக்காம சொன்னாரு. பிளேட்டைக் காட்டுங்கன்னா, பிளேட் மேலயே பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காங்க, நகத்தால சுரண்டிப் பார்த்தும் ஒரு எழுத்து தெரியல. எனக்கு என்னமோ மனசு ஒப்பல, நண்பரோட பிக்கப்ல மாட்டி எடை மேடைக்கு இழுத்துட்டுப் போய், மேடை மேலயே கழட்டி வெச்சு எடை போட்டா 880 கிலோ! முன்னாடி வின்ச், ஸ்டெப்னி, அடியில சொருகி வெச்சிருக்கிற ரெண்டு இரும்பு ராம்ப், தரைக்கு செக்கர் பிளேட்டு, இதெல்லாம் பின்னாடி சேர்த்தது, அவர் சொன்ன 650 இது எதுவும் இல்லாத காலத்து எடை. திரும்ப வந்து ரசீதைக் காட்டினா, "அதெல்லாம் ஒன்னும் ஆகாது, எல்லாரும் இழுத்துட்டுத்தானே போறாங்க". இந்த டயலாக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க, போற இடமெல்லாம் கேப்பீங்க.

ஆக கார் 1250, ட்ரெய்லர் 880, பெல்ட்டு டூல்ஸ் எல்லாம் ஒரு 70, மொத்தம் 2200. 2700 இழுக்கிற வண்டிக்கு 2200 என்ன பெரிய விஷயம்னு தோணும்ல, அங்கதான் சிக்கலே. வண்டிக்குப் பின்னாடி ட்ரெய்லரை மாட்டுற அமைப்புக்கு ஹிட்ச்னு பேரு, அதுல இருக்கிற பந்து மேல ட்ரெய்லர் மூக்கு அழுத்துற எடை, அதாவது டங் வெயிட், இந்த மாதிரி ட்ரெய்லருக்கு மொத்த எடையில 10லேர்ந்து 15 சதவீதம் இருக்கணும், அதுக்குக் கம்மியானா ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிச்சிடும். (ஐரோப்பிய வண்டி, ட்ரெய்லர்ல இந்த சதவீதம் குறைவு, அங்க இதையே நோஸ் வெயிட்னு சொல்வாங்க, நிறைய கார்ல அந்த லிமிட்டே 75லேர்ந்து 100 கிலோதான், அதனால உங்க மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் சட்டம்.) எனக்கு 12 சதவீதம்னு வெச்சா 265 கிலோ. இந்த 265 மொத்தமும் பேலோட்ல கழியும். அது கூட வீட்ல நாலு பேர் 220, லக்கேஜ் 60, ஹிட்ச் சாமான் 25, கூட்டினா 570. நான் முதல்ல பார்த்த அந்த 2700 வண்டியோட ஸ்டிக்கர்ல பேலோட் எவ்வளவுன்னு நினைக்கிறீங்க, 480! நான் மட்டும் தனியா ஓட்டிட்டுப் போனா சரி, குடும்பத்தை ஏத்தினா 90 கிலோ ஓவர். இழுக்கிற திறன்ல 500 கிலோ மிச்சம் இருக்கும்போதே சுமக்கிற திறன் தீர்ந்து போச்சு.

அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த விளம்பர நம்பர் எப்படி வருதுன்னு. எஸ்ஏஇங்கிற இன்ஜினியர்கள் சங்கத்தோட ஜே2807னு ஒரு டெஸ்ட் முறை இருக்கு, நிறைய பிக்கப், எஸ்யூவி கம்பெனிங்க அதை வெச்சுத்தான் ரேட்டிங் சொல்றாங்க. அந்தக் கணக்குல வண்டிக்குள்ள டிரைவரும் பக்கத்து சீட்டுல ஒருத்தரும்தான், அதுவும் ஆளுக்கு 68 கிலோ. பின் சீட்டுல பசங்க கிடையாது, டிக்கியில மூட்டை கிடையாது.

இதை விக்கிறவர்கிட்ட சொன்னா உடனே, "பின்னாடி ஏர் பேக் ஹெல்பர் போட்டுருங்க சார், சரியாயிடும்"னாரு. இது ஆக்சிடென்ட்ல விரியுற ஏர் பேக் இல்ல, பின் சஸ்பென்ஷனுக்குத் துணையா வைக்கிற காத்துப் பை. தயவு செஞ்சு இதுல ஏமாறாதீங்க. ஏர் பேக் போட்டா பின்பக்கம் தொங்காது, பார்க்க அழகா லெவலா நிக்கும், அவ்வளவுதான். ஆக்ஸில், டயர், பிரேக், சேசிஸ் எல்லாம் அதே பழசுதானே, பேலோட் ஒரு கிலோ கூட ஏறாது. பின்னாடி பாரம் அழுத்தும்போது முன்பக்கம் லேசா தூக்கும்ல, அப்படி முன் சக்கரத்துலேர்ந்து போன எடையும் திரும்ப வராது. அதுக்கு வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்னு தனியா இருக்கு, ஆனா அதையும் சில வண்டிக்குப் போடவே கூடாதுன்னு மேனுவல்லயே எழுதியிருப்பாங்க, சிலதுக்குக் குறிப்பிட்ட எடைக்கு மேல போனா கட்டாயம்னு இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடியே மேனுவலை நெட்ல எடுத்து அந்த ஒரு சாப்டரைப் படிச்சிடுங்க.

அடுத்து பார்த்த வண்டிக்காகப் போனது சுத்தமா வேஸ்ட். போன்ல "டோ பேக்கேஜ் இருக்கு சார், ஃபுல் ஆப்ஷன்"னு சத்தியம் பண்ணாரு, காலைல இருட்டோட கிளம்பிப் போய் வண்டிக்கு அடியில குனிஞ்சு பார்த்தா, யாரோ பட்டறையில வெல்டு அடிச்ச ஹிட்ச். ரேட்டிங் பிளேட் இல்ல. ட்ரெய்லர் லைட்டு, பிரேக்குக்கு கரன்ட் கொடுக்கிற 7 பின் சாக்கெட் இருக்க வேண்டிய இடத்துல ஒயரை டேப் சுத்தி முடிஞ்சு விட்டிருக்கு. கியர்பாக்ஸ் ஆயில் கூலர் எங்கன்னு கேட்டா, "ஹிட்ச்தான் இருக்கே, வேற என்ன வேணும்"ங்கிறாரு. ஹிட்ச் இருந்தா டோ பேக்கேஜ் ஆயிடாதுங்க. பேக்கேஜ்னா பெரும்பாலும் கூலர், ஒயரிங், ஹிட்ச் எல்லாம் சேர்ந்துதான், சிலதுல பெரிய ரேடியேட்டரும் வரும். அது இல்லாத வண்டில வெளில எவ்வளவு பெரிய ஹிட்ச் வாங்கி மாட்டினாலும் கம்பெனி கொடுத்த லிமிட் அப்படியேதான் இருக்கும். வண்டி, ஹிட்ச், பந்தைத் தாங்குற பால் மவுன்ட், பந்து, அது மேல உக்கார்ற ட்ரெய்லர் மூக்கான கப்ளர் எல்லாத்துக்கும் தனித்தனி ரேட்டிங், அதுல எது கம்மியோ அதுதான் உங்க லிமிட். இனிமே ஹிட்ச் பிளேட்டு, கதவு ஸ்டிக்கர் ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிட்டுத்தான் வீட்டை விட்டே கிளம்புறது, "வந்து பாருங்க சார்"னு மழுப்பினா அதோட கட்.

மூணாவதா வந்தது லேடர் ஃபிரேம் (ஏணி மாதிரி தனி இரும்புச் சட்டம் மேல பாடி உக்கார்ற) எஸ்யூவி, வீல்பேஸ் நல்ல நீளம், பேலோட் 720, கம்பெனி ஹிட்ச், ட்ரெய்லர் பிரேக்கை வண்டிக்குள்ள இருந்தே இயக்குற பிரேக் கன்ட்ரோலரும் கம்பெனியே வெச்சது. எல்லாம் பொருந்துது, ஆனா இதே மாடல்ல பின் ஆக்ஸில் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணும்ங்கிற கணக்கு, 3.55, 3.92னு ரெண்டு வந்திருக்கு, அதைப் பொறுத்து இழுக்கிற ரேட்டிங்கும் மாறும். இது எதுன்னு தெரிஞ்சுக்க சர்வீஸ் சென்டர் போனேன் பாருங்க, அங்க ரிசப்ஷன்ல இருந்தவர் தலையே நிமிரல. "அந்த டீடெய்ல் எங்க சிஸ்டம்ல வராது, மெயில் போடுங்க." மெயில் போட்டேன், "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது"ன்னு ஆட்டோ ரிப்ளை வந்துச்சு, அதோட சரி. வெறுத்துப் போய் வெளில வர்ற வழியில பார்ட்ஸ் கவுன்ட்டர்ல இருந்த தம்பிகிட்ட சும்மா கேட்டேன், சேசிஸ் நம்பரைத் தட்டினாரு, "3.92 சார்". ஒரு நிமிஷம் ஆகல! பின் ஆக்ஸிலுக்குள்ள இருக்கிற பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் ஆர்டர் வந்தா அவங்களுக்கு ரேஷியோ தெரிஞ்சாகணுமே, அவங்க சிஸ்டம்ல வராம எங்க போகும். நேரா பார்ட்ஸ் கவுன்ட்டருக்கே போங்க.

பேரம், பேர் மாத்துறது எல்லாம் வழக்கம் போலத்தான், வாங்கியாச்சு.

பந்து விஷயத்துல கடைக்காரர் என்னைக் கவுத்திருப்பாரு. ட்ரெய்லர் கப்ளர்ல 50 மிமீன்னு குத்தியிருக்கு, அவர் எடுத்துக் கொடுத்தது 1⅞ இஞ்ச், அதாவது 47.6 மிமீ. பார்வைக்கு ரெண்டும் ஒன்னுதான், மேல வைக்கும்போது கப்ளர் ஜோரா உக்காரும், லாக்கும் ஆகும். குழியில ஒரு தூக்கு தூக்கினா கழண்டுக்கும். பந்தோட உச்சியில சைஸ் குத்தியிருக்கும், கிரீஸைத் துடைச்சிட்டுப் படிங்க. லாக் போட்டதுக்கு அப்புறம் ஜாக்கியைச் சுத்தி ட்ரெய்லர் மூக்கைத் தூக்குங்க, வண்டியோட பின்பக்கமும் கூடவே எழும்பணும். அப்படி எழும்பினாத்தான் நிஜமாவே மாட்டியிருக்குன்னு அர்த்தம்.

முதல் தடவை காரை ஏத்தினப்போ ட்ரெய்லர் ஓனரோட ஹெல்பர், பின் ராம்ப் பக்கமே நிறுத்தி பெல்ட் கட்டிட்டாரு, இறக்க ஈசியாம். எனக்குப் பக்கத்துலயே எடை மேடை இருந்ததால நேரா அங்க போயிட்டேன். ட்ரெய்லர் இல்லாம, குடும்பம் லக்கேஜோட எஸ்யூவி எடை முன்னாடியே போட்டு வெச்சிருந்தேன், முன் ஆக்ஸில் 1290, பின் ஆக்ஸில் 1310. இப்போ ட்ரெய்லர் டயர் மட்டும் மேடைக்கு வெளில நிக்கிற மாதிரி நிறுத்திப் பார்த்தா மொத்தம் 150 கிலோதான் கூடியிருக்கு. 2200க்கு 150னா 7 சதவீதம் கூட இல்ல. அங்கயே ஓரங்கட்டி, பெல்ட்டை அவுத்து, காரை ஒரு 40 செமீ முன்னாடி தள்ளிக் கட்டினேன். மறுபடி மேடை ஏறினா கூடுதல் 270! ஒரு முழத்துக்கும் கம்மியான தூரம், 120 கிலோ வித்தியாசம். இதுல இன்னொன்னு கவனிச்சேன், முன் ஆக்ஸில் 1180க்கு இறங்கிடுச்சு, பின் ஆக்ஸில் 1690க்கு ஏறிடுச்சு, அதாவது பந்து மேல 270 வெச்சா பின் ஆக்ஸில் மேல 380 வருது. பந்து ஆக்ஸிலைத் தாண்டி பின்னாடி இருக்குல்ல, நெம்பி முன்பக்கத்தைத் தூக்குது, ஸ்டியரிங் லேசாகுறதும் அதனாலதான். என் வண்டிக்கு பின் ஆக்ஸில் லிமிட் 1850, தப்பிச்சேன். அந்த 480 வண்டியை வாங்கியிருந்தா இந்த மேடையிலயே கதை முடிஞ்சிருக்கும்.

எடை மேடைக்காரர் வேற, "ஒரு லோடுக்கு ஒரு சீட்டுதான், முன்சக்கரம் பின்சக்கரம்லாம் தனியா போட முடியாது"ன்னு அடம். பின்னாடி லாரி இல்லாத நேரமாப் பார்த்துப் போங்க, ஒவ்வொரு எடைக்கும் தனிக் காசு தர்றேன்னு முதல்லயே சொல்லிடுங்க, சீட்டு கொடுக்கலைன்னாலும் டிஸ்ப்ளேவை போட்டோ எடுத்துக்கோங்க.

பிரேக் கன்ட்ரோலரைக் காலி ரோட்டுல 40 கிமீ வேகத்துல செட் பண்ணுங்க, காலை பிரேக்ல வைக்காம கையால லிவரை அழுத்தினா ட்ரெய்லர் மட்டும் பின்னாடி பிடிச்சு இழுக்கணும், டயர் லாக் ஆகித் தேய்க்கக் கூடாது. ஓட்டும்போது ட்ரெய்லர் ஆட ஆரம்பிச்சா வண்டி பிரேக்கை மிதிக்காதீங்க, ஸ்டியரிங்கை வெட்டி வெட்டித் திருப்பாதீங்க, ஆக்சிலரேட்டரை விட்டுட்டு இதே லிவரை லேசா அழுத்துங்க. ட்ரெய்லர் டயர்ல தேதியைப் பாருங்க, பட்டன் நிறைய இருந்தாலும் பக்கத்துல வெடிச்சிருந்தா மாத்தித் தரச் சொல்லுங்க. நான் கேட்டதுக்கு ஓனர் முனகினாரு, ஆனா மாத்திட்டாரு.

இன்ஷூரன்ஸ்காரங்க போன்ல "கவர் ஆகும் சார்"னாங்க, அதையே எழுத்துல கேட்டா மூணு பேருக்கு மாத்தி விட்டாங்க. விடாம மெயில்ல ட்ரெய்லர் எடையோட கேட்டு வாங்கினேன், அந்த மெயிலை பிரின்ட் எடுத்து வண்டிலயே வெச்சிருக்கேன். முதல் 80 கிமீ ஓடினதும் ஒரு டீ பிரேக் போட்டு ட்ரெய்லர் வீல் நட்டையும் பெல்ட்டையும் மறுபடி டைட் பண்ணிடுங்க, எனக்கு ரெண்டு நட்டு அரைச் சுத்து இறங்குச்சு.