டாக்சிக்கு 250, குல்லாஷுக்கு 230

முதலில் அந்த டாக்சிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குல்லாஷ் பலகாரத்தில் மனசு போகாது.

2025 ஜனவரி. கெய்ரோவில் நான் தங்கியிருந்தது டொக்கி பகுதியில். காலையில் கான் எல் கலீலி கடைவீதிக்குப் போக வெள்ளை டாக்சியில் ஏறினேன். மீட்டர் இருந்தது, அதன் மேல் ஒரு துண்டு கிடந்தது. "அத்தாத் பாயிஸ்" என்றார், மீட்டர் ரிப்பேராம். இறங்கும்போது 250 பவுண்டு கேட்டார். நம் காசுக்கு நானூற்றுச் சொச்சம். பின்னால் நிற்கும் வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்க, பதறிப்போய்க் கொடுத்துத் தொலைத்தேன். திரும்பும்போது முஸ்கி தெருக் கூட்டத்தில் இடிபட்டு நடந்து, அத்தாபா நிலையத்தில் மெட்ரோ ஏறினேன். டொக்கி நாலாவது ஸ்டேஷன். டிக்கெட் 8 பவுண்டு. எட்டே எட்டு! அன்று மதியம் வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் புலம்பினேன். ஹஜ் போய்வந்தவர் என்பதால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவரை 'ஹாக்கா' என்றே கூப்பிடுவார்கள். கெய்ரோக்காரர்கள் வாயில் ஜ வராது, எல்லாம் க தான். கல்லூரியில் படிக்கும் பேத்தி எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். நான் புலம்பி முடித்ததும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏமாற்ற வருகிறவனைப் பார்த்து இங்கே "ஃபாகிர்னி ஹிந்தி?" என்று கேட்பார்களாம். 'என்னை இந்தியன்னு நெனச்சியா?', அதாவது 'நான் என்ன முட்டாளா?' நல்ல பேர் எடுத்து வைத்திருக்கிறோம்!

சரி, குல்லாஷ். இந்தப் பெயரை முதலில் பார்த்தபோது ஹங்கேரிக்காரர்களின் மாட்டிறைச்சிக் குழம்பு என்று நினைத்து ஒதுங்கிவிட்டேன். எகிப்தில் குல்லாஷ் என்றால் காகிதம்போல் இழுத்த மைதா மாவுத் தாள். கொத்துக்கறி வைத்தும் சுடுவார்கள், கொட்டைகள் வைத்துப் பாகு ஊற்றினால் இனிப்பு. இனிப்புக் கடையில் கிலோ விலையைக் கேட்டுப் பின்வாங்கியவள் நான். சுற்றுலாப் பயணிகளுக்கான சமையல் வகுப்பு ஒன்றில் விசாரித்தால் 50 டாலர் என்றார்கள். அதைச் சொன்னதுதான் தாமதம், ஹாக்கா நெஞ்சில் கை வைத்து "யா லஹ்வி!" என்றார். நம் 'அடிப்பாவி'க்கும் 'அய்யய்யோ'வுக்கும் நடுவில் ஒரு சத்தம். "குல்லாஷுக்கா 50 டாலர்? நாளைக்குச் சாமான் வாங்கிட்டு வா, சமையலறை இருக்கு."

செய்முறையை வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கொட்டைக் கடையைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. 'மஅலா' என்பார்கள், வறுகடலைக் கடை மாதிரி. உள்ளே போனால் வறுக்கிற வாசனை சட்டையில் ஏறிக்கொள்கிறது. அங்கே கொட்டைகளின் பெயர்களே ஒரு உலக வரைபடம். வேர்க்கடலை 'ஃபூல் சூதானி', சூடான் பயறு. தேங்காய் 'கோஸ் ஹிந்த்', இந்தியக் கொட்டை. வால்நட் 'ஐன் கமல்', ஒட்டகக் கண். (கமல் கண் என்றதும் எனக்கு ஒட்டகமா ஞாபகம் வரும்!) பிஸ்தா விலையைப் பார்த்துவிட்டு நகர்ந்தேன். ஹாக்கா போட்டுக் கொடுத்த பட்டியல்படி கால் கிலோ வேர்க்கடலை, 100 கிராம் வால்நட், கொஞ்சம் உலர்தேங்காய்த் துருவல். 2024 மார்ச்சில் பவுண்டின் மதிப்பு மளமளவெனச் சரிந்ததிலிருந்து தன் சட்டியில் பிஸ்தாவே விழுந்ததில்லை என்றார். வேர்க்கடலை போட்டால் மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கொட்டைகளை மிக்சியில் போடவிடவில்லை. பித்தளை உரல் ஒன்றை எடுத்துவந்தார், பெயர் 'ஹோன்'. குழந்தை பிறந்த ஏழாம் நாள் இதை அதன் காதருகே வைத்து ணங் ணங்கென்று இடித்து, "அம்மா பேச்சைக் கேளு, அப்பா பேச்சைக் கேக்காதே" என்பார்களாம். பேத்தியின் காதில் இடித்த அதே உரல். இவள் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று ஹாக்கா அலுத்துக்கொண்டார். ஒன்றிரண்டாக இடித்ததில் பட்டைப்பொடியும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரையும் கலந்தோம்.

முதலில் பாகு. இதுதான் முக்கியம், இதில்தான் நான் பின்னால் மண்ணைக் கவ்வினேன். இரண்டு கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர், அரை எலுமிச்சை, பத்து நிமிடக் கொதி, இறக்கியதும் வெனிலா பொடி. எலுமிச்சை இல்லாவிட்டால் ஆறியதும் பாகு பூத்துவிடும். நம் ஊரில் ஜிலேபிப் பாகுக்குப் பிழிவதும் இதற்குத்தான். செய்து முடித்துத் தள்ளி வைத்துவிட வேண்டும். முழுசாக ஆற வேண்டும்.

அரை கிலோ குல்லாஷ் பொட்டலத்தைப் பிரித்ததும் ஈரத்துணி போட்டு மூடச் சொன்னார். நான் போட்டோ எடுக்கிறேன் பேர்வழி என்று துணியை விலக்கி வைத்துவிட்டேன். கெய்ரோவின் வறண்ட காற்றில் ஐந்தே நிமிடத்தில் மேல் தாள்கள் அப்பளமாகி, தொட்டால் நொறுங்கின. "மஅலெஷ்" என்றார், பரவாயில்லை. கிழிந்ததெல்லாம் நடுவில் போகும், முழுத்தாள் மேலே வரும். யாருக்குத் தெரியப்போகிறது?

தாளுக்குத் தாள் நெய் தடவும் வேலையும் இல்லை. இதுதான் எனக்குப் பிடித்த சோம்பேறித்தனம். நெய் தடவிய தட்டில் பாதித் தாள்கள், கொட்டை, மீதித் தாள்கள். பிறகு கூர்மையான கத்தியால் அடிவரை சாய்சதுரமாக வெட்டி, உருக்கிய 'சம்னா'வை வெட்டிய கோடுகளில் ஊற்றுவது. சம்னா என்பது நம் நெய்தான். எருமைப்பால் என்பதால் வெள்ளையாக இருக்கும், வாசனை அப்படியே எங்கள் பாட்டி வீட்டு உறி. வெண்ணெய் கூடாது. அதிலிருக்கும் தண்ணீர் தாளை நமுத்துப்போக வைத்துவிடும். சுட்டபின் வெட்டலாம் என்று நினைத்தாலும் போச்சு, மேல் அடுக்கு தூள் தூள்.

அடுப்பை அங்கே 'பொத்தகாஸ்' என்கிறார்கள். டிகிரி எண்ணெல்லாம் எப்போதோ அழிந்துபோன, ஓவன் வைத்த கேஸ் அடுப்பு. கீழ்த்தீயில் அரை மணிக்கு மேல் வைத்து, ஓரம் சிவந்ததும் மேல்தீயில் சில நிமிடம். ஹாக்கா கதவைத் திறந்து பார்க்கவே இல்லை, மூக்காலேயே பார்த்தார். வெளியே எடுத்த கையோடு, கொதிக்கிற தட்டில் ஆறின பாகை ஊற்றினார். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு நீண்ட பெருமூச்சு. மூடக்கூடாது, மூடினால் ஆவி இறங்கி மொறுமொறுப்பு போய்விடும். இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். நான் இருபது நிமிடம் காத்திருந்தேன்.

கடித்தால் மேலே சருகு நொறுங்குகிற சத்தம், நடுவில் கடலையும் பட்டையும், அடியில் நெய்யும் பாகும். நாலு துண்டு தின்றேன். உண்மையில் ஏழு.

மறுநாள் தைரியம் வந்து நானே தனியாக ஒரு தட்டு போட்டேன். பாகு ஆறப் பொறுமையில்லாமல் சூட்டோடு சூடாக ஊற்றினேன். சேமியா பாயசத்தில் ஊறிய செய்தித்தாள் மாதிரி ஆயிற்று. ஹாக்கா ஒரு துண்டை வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்று, "டீ போடட்டுமா?" என்றார்.

முதல் தட்டின் செலவு: குல்லாஷ் 40, கடலை 30, வால்நட் 50, தேங்காய் 15, கால் கிலோ சம்னா 75, சர்க்கரையும் வெனிலாவும் 20. மொத்தம் 230 பவுண்டு, ஒன்றரை கிலோவுக்கு மேல் இனிப்பு. அந்த டாக்சிக்காரர் வாங்கியதில் 20 பவுண்டு மிச்சமே இருக்கும். மறுபடி வயிறு எரிகிறது, விடுங்கள்.

கிளம்பும் நாள் ஹாக்கா மூன்றாவது தட்டு சுட்டு ஒரு டப்பா கட்டிக் கொடுத்தார். விமான நிலையத்துக்கு டாக்சிக்காரர் 900 என்றார். நான் மூச்சை இழுத்துவிட்டு, "ஃபாகிர்னி ஹிந்தியா?" என்றேன். என் நெற்றிப்பொட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். 400க்கு வந்தார். வழியெல்லாம் அமிதாப் பச்சன் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவருக்கு டப்பாவைத் திறந்து இரண்டு துண்டு கொடுத்தேன். திரும்ப மூடியதில் மூடி சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது. சென்னையில் இறங்கிப் பார்த்தால் பாஸ்போர்ட்டின் எகிப்து விசா பக்கம் அடுத்த பக்கத்தோடு பாகில் ஒட்டிக்கொண்டிருந்தது.